உங்களுக்குத் தெரியுமா? சொல்லாமல் விட்ட சினிமாக்கள்

காமெடி, கார்ட்டூன், டிராமா என்று படங்களைத் தனித்தனி அலமாரியில் அடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. எந்தப் படமானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: எதிரே உட்கார்ந்திருக்கும் நம்மை அது நம்புகிறதா? எல்லாவற்றையும் வாயால் சொல்லித் தீர்க்காமல் கொஞ்சத்தை நம்மிடம் விட்டுவைக்கிறதா? அப்படி விட்டுவைத்த படங்களைப் பற்றி ஒரு ரசிகன் சேர்த்துவைத்த துணுக்குகள் இவை. இடையிடையே என் கருத்தும் வரும்.

● 1927-ல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்தபின் ஹாலிவுட் பேசத் தொடங்கிவிட்டது. சாப்ளின் அசையவில்லை. 1931-ல் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தை வசனமில்லாமலே வெளியிட்டார். அந்தப் படத்தில் அவரைப் பாடாய்ப்படுத்திய காட்சி ஒன்று உண்டு. பூ விற்கும் பார்வையற்ற பெண், எதிரே நிற்கும் நாடோடியைப் பெரிய பணக்காரன் என்று நினைத்துவிட வேண்டும். அவளுக்குக் கண் தெரியாது. படத்தில் பேச்சு கிடையாது. பிறகு எப்படி நினைப்பாள்? முந்நூறுக்கும் மேற்பட்ட டேக் எடுத்தும் மனம் ஆறாமல் திரும்பத் திரும்ப எடுத்தார். கடைசியில் கிடைத்த வழி ஒரு கார்க் கதவு. நெரிசலில் நிற்கும் காருக்குள் புகுந்து மறுபக்கக் கதவைத் திறந்து இறங்குகிறான் நாடோடி. கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டு அவள் பூவை நீட்டுகிறாள். சற்று நேரத்தில் காரின் உண்மையான சொந்தக்காரர் வந்து ஏறிப் போய்விட, வாங்கியவர் மீதிச் சில்லறைகூட வாங்காமல் போய்விட்டார் என்று அவள் நினைக்கிறாள். அவனோ சத்தம் காட்டாமல் பக்கத்திலேயே நிற்கிறான். ஊமைப் படத்தின் முடிச்சு ஒரு சத்தத்தில் விழுந்திருக்கிறது, அந்தச் சத்தத்தையும் நாம் கண்ணால்தான் கேட்கிறோம்! இதைவிட நேர்த்தியான திரைக்கதைக் கணக்கை நான் பார்த்ததில்லை.

அதே படத்தின் கடைசிக் காட்சியில், பார்வை திரும்பிய அந்தப் பெண் அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். அடுத்து என்ன? சேர்ந்தார்களா, பிரிந்தார்களா? சாப்ளின் சொல்லவில்லை. படம் அங்கேயே முடிகிறது.

● பஸ்டர் கீட்டனின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மேல் சாயும். மேல்மாடி ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழுவதால் பிழைப்பார். டூப் கிடையாது, கேமரா தந்திரம் கிடையாது. அவர் உடம்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே சில அங்குலம்தான் இடைவெளி. சுவர் விழுந்த பிறகும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இராது. கைதட்டு என்று அவர் கேட்பதே இல்லை, அதனால்தான் கை தானாகத் தட்டுகிறது.

● ‘சேஃப்டி லாஸ்ட்’ (1923) படத்தில் கடிகார முள்ளைப் பிடித்துக்கொண்டு உயரத்தில் தொங்கும் ஹரால்ட் லாயிடுக்கு வலக்கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இல்லை. 1919-ல் படப்பிடிப்புப் பொருள் என்று நினைத்துக் கையில் எடுத்த குண்டு வெடித்ததில் போனவை. செயற்கை விரல் பொருத்திய கையுறையோடுதான் அதன்பின் நடித்தார்.

● ‘ஏர்ப்ளேன்!’ (1980) என்கிற நகைச்சுவைப் படம், ‘ஜீரோ ஹவர்!’ (1957) என்ற படுசீரியசான விமானப் படத்தின் உரிமையை முறையாக வாங்கி எடுக்கப்பட்டது. நடிக்கவும் கம்பீரமான வேடங்களில் பேர் வாங்கிய நடிகர்களையே கூப்பிட்டார்கள். லெஸ்லி நீல்சன் அதில் ஒரு முறைகூடத் தான் சொல்வது ஜோக் என்று காட்டிக்கொள்ள மாட்டார். நம் காமெடிக் காட்சிகளில் பின்னணியில் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் போட்டு ‘இப்போது சிரி’ என்று சொல்கிறார்களே, அதை நிறுத்தினாலே பாதிப் படங்கள் தேறிவிடும்.

● பில்லி வைல்டரின் ‘சம் லைக் இட் ஹாட்’ (1959) கறுப்பு வெள்ளையில் இருப்பதற்குக் காரணம் கலைநயம் மட்டுமில்லை. பெண் வேடம் போட்ட டோனி கர்ட்டிஸ், ஜாக் லெமன் இருவரின் மேக்கப்பும் வண்ணச் சோதனையில் பச்சையாக அடித்தது. மர்லின் மன்றோவின் ஒப்பந்தப்படி அவர் படங்கள் வண்ணத்தில் இருக்க வேண்டும். வைல்டர் எடுத்துச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தார். இன்னொரு செய்தி: சினிமா வரலாற்றின் மிகச் சிறந்த கடைசி வசனங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படும் அந்தப் படத்தின் முடிவு வசனம், ‘வேறு நல்லது கிடைக்கும் வரை இருக்கட்டும்’ என்று வைல்டரும் உடன் எழுதிய டைமண்டும் தற்காலிகமாகப் போட்டு வைத்தது. நல்லது கிடைக்கவில்லை, அதுவே நின்றுவிட்டது. 2000-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெளியிட்ட நூறு நகைச்சுவைப் படங்களின் பட்டியலில் இந்தப் படத்துக்குத்தான் முதலிடம். எனக்கு முழுச் சம்மதம்.

● வேடம் என்றதும் நம்மூர் மாமி நினைவுக்கு வராமல் போவாரா? ‘அவ்வை சண்முகி’ (1996), ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ (1993) படத்தின் தூண்டுதலில் பிறந்தது என்பது ஊரறிந்த சேதி. அந்த ஆங்கிலப் படமே ஆன் ஃபைன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1987-ல் சிறுவர்களுக்காக எழுதிய நாவலிலிருந்து வந்தது. தமிழ்ப் படத்தின் தலைப்புக்கு வேர் நம் நாடக மேடையில் இருக்கிறது. அவ்வையார் வேடத்தால் ‘அவ்வை’ சண்முகம் ஆன டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் சிறுவனாக நடித்து வளர்ந்தவர் கமல்ஹாசன். சென்னையில் அவ்வை சண்முகம் சாலை என்று இருப்பதும் அந்தப் பெரியவர் பெயரில்தான்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் மேக்கப்பில் தெரியாது, முடிவில் தெரியும். ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ கடைசி வரை கணவன் மனைவியைச் சேர்த்து வைப்பதில்லை. பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பொய்யான நம்பிக்கை தரக்கூடாது என்பதில் அந்தப் படக்குழு உறுதியாக இருந்தது. அதனால்தான் அத்தனை சிரிப்புக்குப் பிறகும் ராபின் வில்லியம்ஸின் கடைசிப் பேச்சு தொண்டையை அடைக்கிறது. ‘அவ்வை சண்முகி’ குடும்பத்தைச் சேர்த்துவிடுகிறது. சிரிப்பில் நம் படம் ஒரு படி மேல். கிரேசி மோகன் வசனமும், ஜெமினி கணேசன் மாமியிடம் மயங்கும் காட்சிகளும் அந்த ஆங்கிலப் படத்தில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் முடிவின் துணிச்சல் அவர்களுடையது. தீபாவளிக்கு வந்த படத்தில் பிரிவோடு முடிக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் ரசிகன் ஏற்றுக்கொண்டிருப்பான் என்றே நான் நம்புகிறேன்.

● கமலின் இன்னொரு படத்தில் அந்தத் துணிச்சல் இருந்தது. 1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த ‘புஷ்பக விமானம்’, தமிழில் ‘பேசும் படம்’. படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது. டினு ஆனந்த் ஐஸ் கத்தியோடு அலையும் காட்சிகளைச் சொல்லிச் சிரிப்பவர்கள் முடிவை மறந்துவிடுகிறார்கள். நாயகி அமலா முகவரி எழுதிய காகிதத்தைப் பூவில் சுற்றிப் போட்டுவிட்டுப் போகிறார். காகிதம் காற்றில் பறந்து சாக்கடையில் விழுகிறது. நாயகன் கையில் பூ மட்டும் மிஞ்சுகிறது. வசனம் இருந்திருந்தால் அங்கே யாராவது நாலு வரி தத்துவம் பேசியிருப்பார்கள்!

● ‘ஹோம் அலோன்’ (1990) படத்தில் சிறுவன் டிவியில் போட்டுத் திருடர்களை மிரட்டும் கறுப்பு வெள்ளைப் படம் எந்தப் பழைய படமும் இல்லை. இந்தப் படத்துக்காகவே புதிதாக எடுக்கப்பட்டது.

● ‘மான்டி பைதான் அண்ட் தி ஹோலி கிரெயில்’ (1975) படத்தில் குதிரை இல்லாமல் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிக்கொண்டே வீரர்கள் ‘சவாரி’ செய்வார்கள். காரணம், குதிரைக்குப் பணமில்லை. பணம் போட்டவர்களில் பிங்க் ஃபிளாய்ட், லெட் செப்பலின் இசைக் குழுக்களும் உண்டு.

● முதல் முழுநீள அனிமேஷன் படம் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ (1937) என்று இன்னமும் வினாடி வினாக்களில் சொல்கிறார்கள். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1926-ல், ஜெர்மனியில் லாட்டே ரைனிகர் என்ற இளம்பெண் ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ படத்தை முடித்துவிட்டார். இன்று நமக்குக் கிடைக்கும் அனிமேஷன் முழுநீளப் படங்களில் மிகப் பழையது அதுதான். கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கை கால்களைக் கம்பியால் கோத்து, கண்ணாடி மேல் வைத்து, கீழிருந்து விளக்கடித்து, ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்தார். லூயி ஹாகன் என்ற வங்கியாளர் பணம் கொடுத்தார், பாட்ஸ்டாமில் அவர் வீட்டுக் கார்க் கொட்டகைக்கு மேல் ஸ்டூடியோ அமைந்தது. சுமார் மூன்று ஆண்டு உழைப்பு. நிழலுருவத்துக்குக் கண் கிடையாது, மூக்கு வாய் கிடையாது. பக்கவாட்டு வடிவமும் விரல் நுனியும்தான். அதிலேயே ஒரு பெண்ணின் வெட்கத்தையும் ஒரு சூனியக்காரனின் வஞ்சத்தையும் காட்டியிருக்கிறார். கணினியில் கண்ணிமை முடியைக்கூட எண்ணி வரையும் இந்தக் காலத்தில் அந்தப் படத்தைப் பார்த்தால் கலை எங்கே இருக்கிறது என்று தெரியும். லாட்டே ரைனிகர் பெயர் நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் வர வேண்டும்.

● ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்காக வால்ட் டிஸ்னிக்குக் கிடைத்த சிறப்பு ஆஸ்கர்: ஒரு பெரிய சிலை, ஏழு குட்டிச் சிலைகள். வழங்கியவர் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள்.

● 1988 ஏப்ரலில் ஜப்பானியத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் போட்டார்கள். ஒன்று மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’, அம்மா மருத்துவமனையில் இருக்க, கிராமத்து வீட்டில் இரண்டு சிறுமிகள் வனதேவதை ஒன்றைச் சந்திக்கும் கதை. மற்றது தகாஹாட்டாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’, போரில் அம்மாவை இழந்த அண்ணனும் தங்கையும் பசியில் கரைந்து போகும் கதை. இரண்டையும் தயாரித்தது ஒரே ஜிப்லி ஸ்டூடியோ. அடுத்தடுத்துப் பார்த்த குடும்பங்கள் எந்த மனநிலையில் வீடு திரும்பியிருக்கும்!

‘ஃபயர்ஃபிளைஸ்’ கற்பனையில் மட்டும் பிறந்த கதை இல்லை. மூலக்கதை எழுதிய அகியுகி நோசாகாவின் குட்டித் தங்கை 1945-ல் போதிய உணவின்றி இறந்துபோனாள். இயக்குநர் தகாஹாட்டாவும் சிறுவனாக ஒகயாமா நகரில் குண்டுவீச்சிலிருந்து உயிர் தப்பியவர். படத்தில் அந்தத் தங்கை கையை விட்டு விலகாத சிவப்பு டின் மிட்டாய் உண்மையில் ஜப்பானியக் கடைகளில் விற்ற சரக்கு. அதைத் தயாரித்த நிறுவனம் 2023-ல் மூடப்பட்டபோது பல நாட்டு ரசிகர்கள் வருந்தினார்கள். டின்னில் மிட்டாய் தீர்ந்ததும் அண்ணன் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுப்பான், அவள் எல்லாச் சுவையும் இருக்கிறது என்று குதூகலிப்பாள். பின்னணியில் பெரிய சோக இசை எதுவும் எழாது. கார்ட்டூன் குழந்தைகளுக்கு மட்டும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இந்தப் படத்தின் பெயரைச் சொல்கிறேன்.

● ‘வாலஸ் அண்ட் க்ரோமிட்’ களிமண் படங்களில் வரும் க்ரோமிட் நாய்க்கு வாயே கிடையாது. முதலில் அதைப் பேச வைப்பதாகத்தான் இயக்குநர் நிக் பார்க் நினைத்திருந்தார். புருவத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே எல்லா உணர்ச்சியும் வந்துவிடுகிறது என்று தெரிந்ததும் வாயை விட்டுவிட்டார். 1982-ல் மாணவராகத் தொடங்கிய முதல் படம் 1989-ல்தான் முடிந்தது. 2005-ல் பிரிஸ்டலில் ஆர்ட்மேன் ஸ்டூடியோவின் கிடங்கு எரிந்து பழைய செட்டுகளும் பொம்மைகளும் சாம்பலாயின. அதே சமயத்தில்தான் காஷ்மீர்ப் பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டிருந்தது. அதன் முன்னால் எங்கள் இழப்பு பெரிதில்லை என்றார் நிக் பார்க்.

● பனிமூட்டத்தை எப்படி வரைவது? சோவியத் இயக்குநர் யூரி நார்ஷ்டைன் ‘மூடுபனியில் முள்ளெலி’ (1975) என்ற பத்து நிமிடப் படத்தில் வரையவே இல்லை. மெல்லிய டிரேசிங் காகிதத்தைப் பாத்திரத்தின் மேல் வைத்து, மெல்ல மெல்லக் கேமரா பக்கம் உயர்த்தினார். முள்ளெலி பனிக்குள் கரைந்தது. 2003-ல் டோக்கியோவில் அனிமேஷன் கலைஞர்களும் விமர்சகர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்த 150 படங்களில் இதுவே முதலிடம் பெற்றது.

● கான் திரைப்பட விழாவைத் தொடங்கி வைத்த முதல் அனிமேஷன் படம் பிக்ஸாரின் ‘அப்’ (2009). அதில் கார்ல், எல்லி தம்பதியின் மொத்த இல்வாழ்க்கையும் ஏறக்குறைய நாலு நிமிடத்தில், ஒரு வார்த்தையில்லாமல் ஓடும். குழந்தை தங்காத துயரம் ஒரு மருத்துவமனை அறை, குனிந்த ஒரு முதுகு, இவ்வளவில் முடிந்துவிடும். அந்த நாலு நிமிடத்துக்கு இணையாக மீதிப் படம் இல்லை என்பது என் முடிவு. பேசும் நாய்களும் ஆகாயத் துரத்தலும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான், ஆனால் அவ்வளவு உயரத்தில் தொடங்கிய படம் அதற்குப் பிறகு இறங்கிக்கொண்டே வருகிறது.

● ‘லவிங் வின்சென்ட்’ (2017): வான்கோ பாணியில் சுமார் 65,000 சட்டகங்களை நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய படம். கண்ணுக்கு விருந்து. கதைதான் ஏமாற்றம். எல்லாப் பாத்திரங்களும் உட்கார்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், ஓவியத்தை நிம்மதியாகப் பார்க்க விடுவதில்லை.

● பேச்சாலேயே நிறைந்த படம் மட்டும் நன்றாக இருக்காதா? இருக்கும். ‘12 ஆங்ரி மென்’ (1957) அதற்குச் சாட்சி. ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள், ஒரே அறை, வாக்குவாதம். சிட்னி லூமெட்டின் முதல் சினிமா, மூன்று வாரத்துக்குள் படப்பிடிப்பு முடிந்தது. படம் ஓட ஓட நமக்கு மூச்சு முட்டுவதற்குக் காரணம் வசனம் மட்டுமில்லை. தொடக்கத்தில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே இருக்கும். நடுப்பகுதியில் கண்மட்டத்துக்கு வரும். கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே இறங்க, அறையின் கூரை தெரியத் தொடங்கும். லென்சுகளையும் போகப்போக நீளமானவையாக மாற்றினார் லூமெட், சுவர்கள் மனிதர்களை நெருங்கி வருவதுபோல் தோன்றும். இதை ஒருவரும் கவனிப்பதில்லை, எல்லோருக்கும் உறைக்கிறது. இன்னொன்று: குற்றம் சாட்டப்பட்ட பையன் உண்மையிலேயே கொலை செய்தானா இல்லையா என்று படம் கடைசி வரை சொல்வதில்லை. ‘சந்தேகம் இருக்கிறது’ என்பதோடு நிற்கிறது. வெளியானபோது வசூல் இல்லை. இன்று சட்டக் கல்லூரிகளில் போட்டுக் காட்டுகிறார்கள்.

● ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ (1946) வெளியானபோது பெரிதாக ஓடவில்லை. 1974-ல் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். டிவி நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காசில்லாமல் போட்டுப் போட்டு, அமெரிக்காவே மனப்பாடம் செய்த படமாக்கிவிட்டன. அதில் கொட்டும் பனி, தீயணைப்பு நுரை கலந்து செய்தது. அதுவரை வழக்கமான வெள்ளை பூசிய கார்ன்ஃபிளேக்ஸ் காலடியில் நொறுங்கி வசனப் பதிவைக் கெடுத்ததால் செய்த மாற்றம்.

● ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948) நாயகன் லம்பர்ட்டோ மாஜொரானி ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. கேரி கிராண்டைப் போட்டால் பணம் தருகிறேன் என்றார் ஹாலிவுட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக். இயக்குநர் டி சிகா மறுத்துவிட்டார். படம் முடிந்து ஆலைக்குத் திரும்பிய மாஜொரானி, ஆட்குறைப்பில் வேலையிழந்தார். சினிமாவில் நடித்து நிறையச் சம்பாதித்திருப்பான் என்று நினைத்துவிட்டார்களாம். வேலைக்காக சைக்கிளைத் தேடி அலைபவனாக நடித்தவர் நிஜத்திலும் வேலை தேடி அலைந்தார். இந்தச் செய்தி தெரிந்தபின் அந்தப் படத்தைப் பழையபடி பார்க்க முடிவதில்லை.

விளம்பர நிறுவன வேலையாக 1950-ல் லண்டன் போயிருந்த சத்யஜித் ராய் இந்தப் படத்தைப் பார்த்துத்தான், தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், வெளிப்புறத்திலேயே தன் படத்தை எடுக்க முடியும் என்று உறுதிகொண்டார். ‘பதேர் பாஞ்சாலி’ (1955) பிறந்தது. நாணல் பூத்த வெளியில் முதல் நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், மாடுகள் பூவை மேய்ந்து தீர்த்திருந்தன. மறுபருவம் வரை காத்திருந்து காட்சியை முடித்தார். பணம் தீர்ந்தபோது மேற்கு வங்க அரசு உதவியது, கணக்கில் சாலை மேம்பாடு என்று எழுதப்பட்டது. மகள் துர்கா இறந்ததை அறியாமல் அப்பா ஊரிலிருந்து சேலையோடு திரும்புகிறார். அம்மா வெடித்து அழுகிறாள். ராய் அந்த அழுகுரலை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் மட்டும் கதறும். இந்திய சினிமாவில் இதைவிடப் பெரிய அழுகையை நான் கேட்டதில்லை.

● ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) படத்தில் எழுபது வயது அப்பாவாக வரும் சிஷூ ரியூவுக்கு அப்போது 49 வயது. மூத்த மகளாக நடித்த ஹருகோ சுகிமுரா அவரைவிட ஐந்தே வயது இளையவர். பெற்றோரைப் பிள்ளைகள் கொடுமைப்படுத்துவதில்லை. அவர்களுக்கு நேரமில்லை, அவ்வளவுதான். அம்மாவின் கடைசி மூச்சை இயக்குநர் ஓசு காட்டவில்லை. விடியும் ஊர், வெறிச்சோடிய படகுத்துறை, அடுத்து உடலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பம். 2012-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் நடத்திய தேர்வில் உலக இயக்குநர்கள் முதலிடம் தந்தது இந்தப் படத்துக்கு. பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிய ஒவ்வொரு வீட்டிலும் இது பார்க்கப்பட வேண்டிய படம்.

● மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997), வேற்றுமொழிப் பட ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஈரானியப் படம். விருது இத்தாலியின் ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ படத்துக்குப் போனது. எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. இத்தாலியப் படம் நம்மை அழவைக்கப் பாடுபடுகிறது. ஈரானியப் படம் ஒரு ஜோடி ஷூவைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறது. மூன்றாம் பரிசுதான் ஷூ என்பதால் மூன்றாவதாக வர வேண்டிய ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்துவிட்டு, தங்கைக்கு ஷூ கிடைக்கவில்லையே என்று சிறுவன் அலி அழுகிறான். அப்பாவின் சைக்கிளில் புது ஷூ இருப்பதை நமக்குக் காட்டிவிட்டார் மஜீதி. அலிக்கு அது தெரியாது. படம் முடியும் வரை தெரியாது. தமிழில் ‘அக்கா குருவி’ (2022) என்று முறைப்படி மறு ஆக்கம் செய்யப்பட்டது, இசை இளையராஜா. மூலத்தை முதலில் பார்த்துவிட்டு அதைப் பாருங்கள்.

● கடைசியாக ஒரு புதுப் படம். 2025-ல் சிறந்த அனிமேஷன் முழுநீளப் படத்துக்கான ஆஸ்கரை வென்ற ‘ஃப்ளோ’. லாட்வியா நாட்டுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் தன் முந்தைய முழுநீளப் படத்தை ஒற்றை ஆளாகவே செய்து முடித்தவர். ‘ஃப்ளோ’ படத்தை உருவாக்கியது, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ‘பிளெண்டர்’ மென்பொருளில். செலவு சுமார் 35 லட்சம் யூரோ, பெரிய ஹாலிவுட் அனிமேஷன் படங்களின் செலவோடு பார்த்தால் சொற்பம். வெள்ளம் சூழ்ந்த உலகில் ஒரு பூனை, ஒரு நாய், ஒரு லெமூர், ஒரு பறவை, ஒரு கேப்பிபாரா எல்லாம் ஒரே படகில். விலங்குகள் மனிதரைப்போல் பேசுவதில்லை, விலங்காகவே இருக்கின்றன. குரல்களும் நிஜ விலங்குகளுடையவை. கேப்பிபாராவின் சொந்தக் குரல் அந்த உருவத்துக்குப் பொருந்தாததால் அதற்கு ஒட்டகக் குட்டியின் குரலை வைத்தார்கள்.

வசனமே இல்லாததால் சப்டைட்டில் தேவையில்லை. படிக்கத் தெரியாத பாட்டியும், இன்னும் படிக்கக் கற்காத பேரனும் சேர்ந்து பார்க்கலாம். அடுத்த விடுமுறை நாளில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் போடுங்கள். ஓடும்போது யாரும் கதை சொல்ல வேண்டாம்.